ஒன்பது மணிக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே

எங்கள் ஊரில்
ஆண்டு இரண்டு முறை பிறக்கிறது.

ஒன்பது மணிக்கு ஒருமுறை.
கடலுக்கு அப்பால் டென்மார்க்கில் அப்போது நள்ளிரவு.
அவர்களுடைய மணிக்கூண்டு தொலைக்காட்சியில் அடிக்க
சிசிமியூத் துறைமுகத்தில் நாங்கள் வாணம் விடுவோம்.
மூன்று மணி நேரம் கழித்து
எங்களுக்கே எங்களுக்கென்று இன்னொன்று.

இதில் எது அசல் என்று
சின்ன வயதில் உல்லோரியாக் கேட்பான்.
இரண்டுக்கும் வெடி உண்டு, பேசாமல் சாப்பிடு என்பேன்.

இந்த முறை ஒன்பது மணிக்கு
நாட்காட்டியின் டிசம்பர் தாளைக் கிழித்து
பின்பக்கத்தில் எழுதினேன்:

புகைப்பதை விடுவது. நாளையிலிருந்து. அடியோடு.
மார்ச் மாதப் பனிச்சறுக்குப் பந்தயம், நூற்றறுபது கிலோமீட்டர்.
படகுக்குப் புது மோட்டார், கடனில்லாமல்.
ஆல்போர்க்கில் இருக்கும் தங்கையோடு
வாரம் ஒருமுறை, கோபப்படாமல், பேசுவது.

எழுதும்போது கை நடுங்கவே இல்லை.
வானம் பச்சையும் சிவப்புமாக உடைகையில்
நூற்றறுபது யாருக்குத்தான் பெரிதாகத் தெரியும்?

ஒன்பதரைக்கு ஒரு சிகரெட்.
நாளையிலிருந்து என்றுதானே எழுதியிருக்கிறேன்.

பத்து மணிக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து
சறுக்குக் காலணிகளை இழுத்தேன்.
இடது கால் உள்ளே போனது.
வலது காலைப் பார்த்து, பாதி வழியில்,
நீ யார் என்றது காலணி.

பத்தேகாலுக்கு வங்கிக் கணக்கைத் திறந்தேன்.
பத்தேகாலுக்கே மூடினேன்.

பதினொரு மணிக்குத் தங்கையை அழைத்தேன்.
அங்கே இரவு இரண்டு.
யார் செத்தது, என்றாள்.
யாரும் இல்லை பிவியா, சும்மாதான்.
சும்மா இந்த நேரத்தில் யார் கூப்பிடுவார்கள், என்றாள்.
கோபப்பட்டேன்.
ஆக அதுவும் போயிற்று,
எங்கள் ஆண்டு பிறப்பதற்கு முன்னாலேயே.
ஆனால் அவள் வைக்கவில்லை.
நானும் வைக்கவில்லை.
அவள் வீட்டுக் கெண்டியில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கி
முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள்.
இருபத்திரண்டு வருடம்
ஐஸ் தண்ணீரில் இறால் தரம் பிரித்த விரல்கள் என்னுடையவை.
வீங்கித்தான் இருக்கின்றன.
மோதிரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டி நாளாயிற்று.
மேசை விளக்கின் கீழே விரித்துப் பார்த்தேன்:
எதைப் பிடிக்கும் இவை,
எவ்வளவு நேரம்?

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கையில்
பேனாவை மறுபடி எடுத்தேன்.

காலைக் காபிக்கு முந்தைய சிகரெட், அது மட்டும் வேண்டாம்.
மோட்டார் பழையதே. விசிறி புதியது.
தங்கையோடு, கோபம் வந்தாலும், போனை வைக்காமல்.

நூற்றறுபதை அடித்தேன்.
நூறு என்று எழுதி அதையும் அடித்தேன்.
ஏரிக்குப் போகிற சறுக்குப் பாதையில்
ஊர் முடிகிற இடத்திலிருந்து விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன.
ஏழாவது கம்பம்வரை, என்று எழுதினேன்.
கொஞ்சம் யோசித்து
'திரும்பியும்' என்று சேர்த்தேன்.
போவதை மட்டும் நினைத்துக்கொண்டு கிளம்பி
வராமலே போனவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

பன்னிரண்டு அடித்தது.
நாய்கள் எல்லாம் ஒரே குரலில் ஊளையிட்டன.
உல்லோரியாக் வெடிமருந்து நாற்றத்தோடு உள்ளே வந்தான்,
பத்தொன்பது வயது, தலை உத்தரத்தை இடிக்க.
தாளை எடுத்துப் படித்தான்.
அடித்தவற்றையும் விடாமல் படித்தான்.

முதலில் எழுதியது நன்றாக இருந்ததே, என்றான்.
அது டென்மார்க்குக்கு, என்றேன்.

சிரித்துவிட்டுப் படுக்கப் போனான் என்றுதான் நினைத்தேன்.
காலையில்,
காலை என்று கடிகாரம் மட்டும் சொல்லும் அந்த இருட்டில்,
கதவருகே அவனுடைய காலணிகள்.
எனக்கு இரண்டு அளவு பெரியவை.
உள்ளே கம்பளிக் காலுறைகளைத் திணித்து வைத்திருந்தான்.

போர்வைக்குள்ளிருந்தே குரல் வந்தது:
ஆறாவது கம்பத்தில் விளக்கு எரிவதில்லை, அம்மா.
எண்ணும்போது விட்டுவிடாதே.