கணக்கில் வராத காற்று

வாங்கி மூன்றாம் மாதம், துடைக்கும்போதுதான் கண்டேன்:
வேகமானிக்குக் கீழே
நகத்தளவு கறுப்பு டேப்.
சுரண்டினேன்.
மஞ்சளாய் ஒரு எஞ்சின் படம்
என்னையே பார்த்தது.

விற்றவர் நுகேகொடையில் பல் வைத்தியர்.
தொலைபேசியில் சிரித்தார்:
"அது எப்பவும் எரியிறதுதானே."
ஒரு பல் வைத்தியர் சொல்கிற பேச்சா இது?

முதல் கராஜ் தெமட்டகொடையில்.
ஸ்கேனர் செருகினார்கள். பீ நூற்றெழுபத்தொன்று.
ஒக்சிஜன் சென்சர் என்றார்கள்.
பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்து
ஜப்பானில் எந்த வண்டியிலோ கழற்றியதை
இருபத்தீராயிரத்துக்கு வாங்கிக் கொடுத்தேன்.
நாலு நாள் நல்ல பிள்ளை.
ஐந்தாம் நாள் பம்பலப்பிட்டிச் சந்தியில்
சிக்னல் சிவக்க
அதுவும் விழித்தது.

இரண்டாவது கராஜ்: பிளக், ஃபில்டர்,
ஏதோ ஒன்றுக்கு ஸ்ப்ரே.
ஆறு நாள்.
மூன்றாவது ஆள் குரலைத் தாழ்த்தினான்:
"பல்பைக் கழட்டிவிடவா, மிஸ்?"

நான் பழைய சோனகத் தெருவில்
இரும்புச் சாமான் கடைக்குக் கணக்கு எழுதுகிறவள்.
கழற்றிய பல்புகள்
பேரேட்டில் எப்படித் தெரியும் என்பது
எனக்குத் தெரியாதா?

கிராண்ட்பாஸ் ஒழுங்கைக்குள் மக்பூல் நானா
பொனட்டைத் திறக்கவேயில்லை.
பக்கத்து சீட்டில் ஏறியிருந்து கேட்டார்:
"எப்ப எரியிது?"
இதுவரை ஒருவரும் கேட்காத கேள்வி.
யோசித்துச் சொன்னேன்.
சிக்னலில். நெரிசலில். மகன் வரும்வரை
டியூஷன் வாசலில்.
"கட்டுநாயக்க ஹைவேயில?"
இல்லை. அங்கே ஒருநாளும் இல்லை.

ஸ்கேனரில் எண்களை மட்டும் பார்த்தார்.
நின்றபடி இருபத்தெட்டு. மிதித்தால் நாலு.
"ஓடக்கொள்ள சுகம்," என்றார்,
"நிக்கக்கொள்ளதான் இதுக்கு வருத்தம்.
எங்கயோ களவாக் காத்துக் குடிக்கிது."

முன்வாசலால் வரும் காற்றை
அளந்து எழுதி, அதற்கேற்பப்
பெற்றோல் விடுகிறதாம் எஞ்சின்.
பின்சுவரில் எங்கோ ஒரு பொத்தல்.
அங்கே நுழைவது எந்தப் பதிவிலும் இல்லை.

பால்மா டின் ஒன்று எடுத்தார்,
வரிசையில் நின்று வாங்கிய காலத்து டின்.
மூடியில் இரண்டு துளை, ஒரு டயர் பம்ப்,
உள்ளே தணல், அதன்மேல் சாம்பிராணி.
பையன் அடிக்க அடிக்க
வண்டி புகையை உள்ளிழுத்தது.
ஒழுங்கை எங்கும் வெள்ளி இரவு வாசம்.
மேல்மாடிப் பெண் எட்டிப் பார்த்து,
பொனட்டைக் கண்டு, சிரித்துவிட்டுப் போனாள்.

ஒன்றும் கசியவில்லை.
"குளிர்ந்து கிடக்கு," என்று
இருபது நிமிடம் ஸ்டார்ட்டில் விட்டார்.
பிளேன்டீ வந்தது. எனக்கு இஞ்சி கூடிப்போயிற்று.
நிறுத்தி, மறுபடி புகை.
இப்போது, மேனிஃபோல்டின் பின்னால்,
ஒரு குழாயின் வளைவில்
நூல் மாதிரி.
விரலால் மடக்கினார்.
ரப்பர் வாயைத் திறந்தது.

குழாய் அறுநூற்றைம்பது ரூபாய்.
கூலி சொல்ல
அவர்தான் வெட்கப்பட்டார்.

இரண்டு மாதமாகிறது. எரியவில்லை.

என் பேரேட்டில், மே மாதத்திலிருந்து
நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து ரூபாய்
சஸ்பென்ஸ் கணக்கில் குந்தியிருக்கிறது.
முதலாளி கேட்டதில்லை.
டேப் ஒட்டியது நான்தான்.
போன சனிக்கிழமை கடை பூட்டிய பிறகு
வவுச்சர்களைப் பரப்பிக்கொண்டிருந்தேன்.
எங்கே என்று தேடுவதை விட்டுவிட்டேன்.
எப்ப, எப்ப என்று பார்க்கிறேன்.
இன்னும் அகப்படவில்லை.

காலையில் சாவியைத் திருப்பினால்
எல்லா விளக்கும் ஒருமுறை எரியும்,
எண்ணெய், பற்றரி, பிரேக்,
அந்த மஞ்சள் எஞ்சினும்.
பிறகு ஒவ்வொன்றாய் அணையும்.
முன்பெல்லாம் அணைகிறதா என்று பார்ப்பேன்.
இப்போது
எரிகிறதா என்று.