இரண்டாம் ஆட்டத்துக் கணக்கு

என் கையெழுத்து மணிமணியாக இருக்கும்.
அந்த ஒரு குற்றத்துக்காக
குடியாத்தம் பண்பாட்டுக் காப்புக் குழுவுக்கு
நான் செயலாளர்.

தீர்மானம் மூன்று:
பத்மாலயா டாக்கீஸில் இரவு ஆட்டத்துக்குப்
பெண்களை விடக்கூடாது.
முன்மொழிந்தவர் எத்திராஜுலு,
மாஜி கவுன்சிலர், லுங்கி மண்டி முதலாளி.
வழிமொழிந்தவர்கள் டீ வருவதற்குள் மொழிந்துவிட்டார்கள்.
‘குடும்பப் பெண்கள்’ என்று நான் எழுதியதை
‘குலப்பெண்கள்’ என்று அடித்துத் திருத்தினார்.
தாசில்தாருக்கு மனு.
மனு என்றால் கணக்கு வேண்டும்.
“எத்தனை பேரு, யார் வீட்டுது,
துணை இருக்கா இல்லியா,
நீயே போயி எழுதிக்கினு வா, சிகாமணி.”
டிக்கெட்டுக்கு வவுச்சர் வைக்கச் சொன்னார்.

சிரசுத் திருவிழாவுக்கு நாலு நாள்.
பகலெல்லாம் குடித்த வெயிலை
ராத்திரி பத்து மணிக்கும்
கக்கிக்கொண்டிருந்தன பாறைகள்.
கௌண்டன்யா மணலில்
ராட்டினத்துக்குக் கம்பம் நட்டார்கள்.
அம்மன் தலை புறப்படும் விடியலுக்காக
இதே பெண்கள் முந்தின ராத்திரி முழுக்கத்
தெருவில் நிற்பார்கள்.
அதற்கு நோட்டு கிடையாது.
அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை,
இப்போது எழுதும்போதுதான்.

கடைசி வரிசை, ஓரத்து நாற்காலி.
ஸ்பிரிங் ஒன்று தொடையில் குத்தியது.
தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள், ஐந்து.
வேலூர் பஸ்ஸில் இறங்கி
நேராக வந்துவிட்ட நர்ஸ், ஆறு.
மாமியார், மருமகள்,
ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை.
இதில் யாருக்கு யார் துணை?
பென்சிலால் கேள்விக்குறி போட்டேன்.
பதினோராவதாக
மண்டியில் பில் போடுகிற சாந்தகுமாரி.
“அண்ணே, நீங்களும் வந்துகிறீங்களா!”
அந்தச் சந்தோஷத்துக்கு
என் நோட்டில் கட்டம் இல்லை.

பதினாறு எழுதியிருப்பேன்.
முன் வரிசைக்காரி திரும்பி
“கொஞ்சம் புடிங்க” என்று
ஒரு பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டு
தண்ணி வாங்கப் போனாள்.
என் பெயர் கேட்கவில்லை.
ஊர், தெரு, ஒன்றும் கேட்கவில்லை.
பிள்ளைக்கு வேர்த்த தலை.
பவுடரும் புளித்த பாலும் கலந்த வாசம்.
வலது கை அதன் முதுகுக்கடியில் மாட்டிக்கொண்டது.
இடது கையால் பதினேழு போட்டுப் பார்த்தேன்,
புழு மாதிரி நெளிந்தது.

திரும்பி வந்தவள்
“தூங்கிட்டானா? அப்படியே இருக்கட்டும்,
எடுத்தா எழுந்து அழுவான்” என்று
படத்துக்குத் திரும்பிக்கொண்டாள்.

வில்லன் குளத்தில் விழுந்தான்.
கொட்டகையே குலுங்கியது.
அடுத்த நிமிஷம் கரண்ட் போனது.
விசில்.
இருட்டில் கேட்டுப் பாருங்கள்,
விசிலில் ஆண் பெண் தெரியாது.
எனக்கு விசிலடிக்க வராது,
வந்திருந்தால் பிள்ளை முழித்திருக்கும்.

பென்சில் எங்கோ நாற்காலிக்கடியில்.
படம் முடியும்வரை
காலை நீட்டவில்லை, மரத்துப்போனது.
கதாநாயகி கடைசியில்
யாரைக் கட்டிக்கொண்டாள் என்று தெரியும்.
எத்தனை பேர் வெளியே போனார்கள்,
தெரியாது.

வெள்ளிக்கிழமை கூட்டம்.
அறிக்கையை நானே வாசித்தேன்:
‘இரண்டாம் ஆட்டத்தில் நேரில் கண்டது,
பதினாறு பேர், பிறகு நிறைய பேர்.
ஒரு குழந்தை, இரண்டு வயது இருக்கும்,
தூங்கிவிட்டது.’

மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது.
பொருளாளர் வவுச்சரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
எத்திராஜுலு கண்ணாடியைக் கழற்றி
வேட்டி முனையில் துடைத்தார்.
மனுவைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன்.

“யார் வீட்டுக் குழந்தைடா அது?”

கேட்க மறந்துட்டேங்க, என்றேன்.