இல்லாத மலை

முதலில் கண்டுகொண்டது டீகன்.
பதினெட்டு மைலை முள் தொடும்போதே
முன்னங்கால் இரண்டையும் டேஷ்போர்டில் ஊன்றிக்கொள்ளும்.
அப்புறம்தான் விழும் அடி:
சீட்டுக்கு அடியில் யாரோ படுத்திருந்து
எட்டி உதைத்தாற்போல்
ஒன்றாம் கியர் இரண்டாகும்.
காபி என் மடியில்.
நாய் மட்டும் அசையாமல் சாலையைப் பார்க்கும்.

எழுபத்தெட்டாம் வருடத்து ஃபோர்டு.
ஓடோமீட்டர் எத்தனை சுற்று சுற்றி வந்ததென்று
ஏலத்தில் விட்ட ஹால்வருக்கே தெரியாது.
லெம்மன் ஊர்ப் பட்டறையில் ரஸ்
பானெட்டைத் திறக்கவேயில்லை.
தானியக் கிடங்குவரை ஓட்டிப்போய்த் திரும்பினார்.
"கியர்பாக்ஸ் போச்சு, ஆர்லிஸ். மூவாயிரம்."
நான் வண்டியை வாங்கினதே எண்ணூறுக்கு.

வீட்டுக்கு வந்து டிப்ஸ்டிக்கை உருவினேன்.
வெள்ளைத் துணியில் இழுத்துப் பார்த்தால்
சிவப்பு. நல்ல செர்ரிச் சிவப்பு.
மூக்கருகே கொண்டுபோனேன், கருகல் இல்லை.
விரலிடையில் தேய்த்தேன், நறநறப்பு இல்லை.
சாகிற பெட்டிக்கு ரத்தம் இப்படி இருக்காது.

ஒரு வாரம், கன்றுகளின் எடை எழுதும் நோட்டில்
உதைகளையும் எழுதினேன்.
காலை குளிரில்: உதை.
சூடேறிய பின்: உதை.
அழுத்தி மிதித்தால்: ஒன்றுமில்லை, ஒழுங்காக மாறுகிறது.
மெல்ல மிதித்தால்தான் அத்தனை கோபமும்.
இதை எழுதிவிட்டு
நோட்டை மூடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு. ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு
வண்டிக்கடியில் நுழைந்தேன்.
மான்டானாவில் புறப்பட்ட காற்று
வழியில் ஒரு மரம்கூடத் தடுக்காமல்
என் சாக்ஸுக்குள் வந்துதான் நின்றது.

பின்புறம், வலப்பக்கம்,
டின்மீன் டப்பாவில் பாதியளவு ஒரு தகரக் குமிழ்.
மாடுலேட்டர்.
கியர்பாக்ஸுக்குக் கண்ணில்லை.
மேடா பள்ளமா, காலியா பாரமா,
அதற்குத் தெரிவதெல்லாம்
இன்ஜின் ஒரு குழாய் வழியே இழுக்கும் மூச்சு.
இழுப்பு பலமாக இருந்தால்: சமதரை, மெல்லப் போ.
இழுப்பு தளர்ந்தால்: ஏற்றம், பாரம், இறுக்கிப் பிடி.

குழாயைக் கழற்றினேன். உள்ளே எண்ணெய் ஈரமில்லை.
அப்படியானால் குமிழின் சவ்வு கிழியவில்லை.
இன்ஜின் முனையில் கேஜைச் செருகினால் பதினெட்டு.
இந்த முனையில் ஐந்து.
நடுவே பதின்மூன்று எங்கேயோ தொலைகிறது.

ஓடுகிற இன்ஜினுக்கடியில் கையாலேயே தடவிக்கொண்டு போனேன்.
சைலன்சர் குழாய் உரசும் இடத்தில்
ரப்பர் வெந்து, வெடித்து,
சுண்டுவிரல் நகம் நுழையும் பிளவு.
விரலை வைத்தேன். ஸ்ஸ் நின்றது.
எட்டு மாதமாக அந்தச் சத்தத்தைக்
காற்று என்று நினைத்திருந்தேன்.
இந்தப் பக்கம் எந்தச் சத்தமும் காற்றுதான்.

எட்டு மாதம்!
தட்டுப் போன்ற சமவெளியில்
காலிப் பலகையும் ஒரு மூட்டை உப்பும் ஒரு நாயுமாக
நாங்கள் போய்க்கொண்டிருக்க,
இது மட்டும் பன்னிரண்டு மாட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு
இல்லாத மலையில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.
உதைத்தது வயதால் இல்லை.
சொன்னதை நம்பியதால்.

ஒன்றரை அடி ரப்பர் குழாய், கூட்டுறவுக் கடையில்,
ஒரு டாலர் எண்பது சென்ட்.
சூட்டில் படாமல் கம்பியால் விலக்கிக் கட்டினேன்.
ரஸ்ஸிடம் இன்னும் சொல்லவில்லை.
சொல்வேன், சர்ச் வாசலில்,
நாலு பேர் நிற்கும்போது.

மறுநாள் நெடுஞ்சாலை.
பதினைந்து. பதினாறு.
இரண்டாம் கியர் எப்போது விழுந்ததென்றே தெரியவில்லை.
இன்ஜின் குரல் ஒரு படி இறங்கியது, அவ்வளவுதான்.
டீகன் கால் ஊன்றிக் காத்திருந்தது.
இருபத்தைந்து தாண்டியும் எடுக்கவில்லை.

செவ்வாயும் ஊன்றியது. இன்றும்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.
பதினெட்டு வந்தால் என் கையும்
கோப்பையைத் தூக்கிக்கொள்கிறது.