மீன் தின்னாத நாய்

வேனிலிருந்து இறக்கிவிட்டபோது அதற்கு வயது இரண்டு மாதம்.
கழுத்தில் ஓர் எண்.
என் கையில் நாற்பது பக்க விதிப்புத்தகம்.
பார்வையற்ற ஒருவருக்கு வழிகாட்டப் போகிற நாய்,
அதுவரை வளர்த்துத் தர வேண்டும்.
பயிற்சிப் பள்ளி வைத்த பெயர் ஜூனோ.
தங்கச்சிமடத்தில் அது ஒரே நாளில்
சூனா ஆகிவிட்டது.

பன்னிரண்டாம் பக்கம் சொன்னது:
தரையில் கிடக்கும் எதையும் தின்ன விடாதீர்கள்.
எழுதியவர் எங்கள் தெருவைப் பார்த்ததில்லை.
வாசலில் காரல், மொட்டைமாடியில் நெத்திலி,
சைக்கிள் கூடையிலிருந்து சொட்டிக்கொண்டே போகும் சூடை.
இங்கே காற்றே பாதி கருவாடு.

விடு என்றேன்.
நாளைக்கு இருநூறு தடவை.
சாளைத் தலையை விடு.
நண்டு ஓட்டை விடு.
லிகோரியின் செருப்பை விடு, அது ஒன்றுதான் இருக்கிறது.
விட்டதும் ஒரு நொடிக்குள்
இடுப்புப் பையிலிருந்து ஒரு துண்டு பிஸ்கட்.
இரண்டாம் நொடியில் கொடுத்தால்
எதற்குக் கொடுத்தோம் என்று அதற்குத் தெரியாதாம்.
"எனக்கும் அப்படித்தான்" என்றார் லிகோரி,
வலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் கணக்கெழுதும் ஏலக்கூடத்தில்
தெருநாய்கள் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே!
மீன் தின்னாத நாயை அவை கண்டதில்லை.
வால் பாதி அறுந்த கறுப்பன் மட்டும்
ஐஸ்பெட்டி நிழலில் படுத்தபடி
முழுப் பாடத்தையும் தினமும் கேட்டான்,
வாயில் ஒரு செங்கணியோடு.

ராமேஸ்வரம் பஸ்ஸில் கண்டக்டர்:
"இதுக்கு என்ன டிக்கெட் கிழிக்க?"
"படிக்கிற பிள்ளைண்ணே."
"அப்ப பஸ் பாஸ் எங்க?"
டிரைவர் வரைக்கும் சிரித்தார்கள்.
சூனா என் காலடியில்
பாம்பன் முழுக்கத் தூங்கியது.

மாதம் ஒரு படிவம் வரும்.
எதற்கு அஞ்சுகிறது?
எழுதினேன்: சங்குக் கடையில் யாராவது ஊதிப் பார்த்தால்.
எழுதினேன்: பாலத்தில் ரயில் ஏறும் சத்தம்.
எழுதினேன்: கடலுக்குப் போன படகு
விடிந்தும் திரும்பாவிட்டால்.
பிறகு அந்தக் கடைசி வரியை அடித்தேன்.
அது என்னுடையது.

ஆடிக் காற்றில் ஒரு மத்தியானம்
துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு
அதன் வாரைப் பிடித்து நடந்து பார்த்தேன்.
இடப்பக்கம் மல்லிகை நாற்றங்கால், ஈர மண் வாசம்.
வலப்பக்கம் காயும் வலை, டீசல்.
முப்பத்தொன்று வரை எண்ணினேன்.
அதற்கு மேல் கால் எழும்பவில்லை.
பிறந்த தெரு.
சூனா உட்கார்ந்துவிட்டது. அதற்கு இன்னும் வழி தெரியாது.
முப்பத்திரண்டாம் அடியை
எங்கோ ஒருவர் இப்போது வைத்துக்கொண்டிருப்பார்,
ஒரு குச்சியைத் தட்டியபடி,
லாரி போகிற ரோட்டில்.
கட்டை அவிழ்த்தபோது
மணல் எல்லாம் கண்ணில்.

பதினான்காம் மாதம் அதே வேன்.
கதவு திறந்ததும் ஏறி,
நடு இடத்தில் அமைதியாகப் படுத்துக்கொண்டது.
அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்,
பக்கம் இருபத்தேழு.
லிகோரி செருப்பைக் கழற்றி
ஜன்னல் வழியே நீட்டினார்.
அது முகர்ந்தது. கடிக்கவில்லை.
அவர் வெறுங்காலோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் விடியல் ஏலம்.
நோட்டில் நேற்றைய பாக்கியைக் கூட்டிக்கொண்டிருந்தேன்,
மூன்று தடவை, மூன்று தொகை.
கூடையிலிருந்து ஒரு சீலா வழுக்கி விழ,
கறுப்பன் கவ்வினான்.
வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது:
விடு.

விட்டான்.
ஈரத் தரையில் உட்கார்ந்தான்.
சீலா அவன் காலுக்கு முன்னால் கிடந்தது.
ஏலம் கூவிய சவரியான் தொகையை மறந்து நின்றார்.
கறுப்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
இடுப்பைப் பார்த்தான்.
பை இன்னும் அங்கேதான் இருந்தது.

ஒரு நொடி போயிற்று.
இரண்டும் போயிற்று.
ஜிப்பில் விரல் சிக்கி
நான் துழாவித் துழாவி எடுப்பதற்குள்
பத்துக்கு மேலேயே போயிருக்கும்.

எதற்கென்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது.