மணக்காத வியாழன்

கனகராயன்குளம் தாண்டும்போது
கமலாம்பிகை அக்கா முதல் முறை சொன்னா:
"தம்பி, உள்ளுக்கை புகை மணக்குது."
முன்னால் போன டிப்பரைக் காட்டினேன்.
டிப்பர் புளியங்குளத்தில் திரும்பிற்று.
மணம் திரும்பவில்லை.

செவ்வாய், வியாழன், ஞாயிறு.
ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியாவுக்கு
இரத்தம் சுத்திகரிக்கப் போகிற நாலு பேர்,
என்னுடைய பழைய டீசல் லைற்ஏஸ்.
ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதே
நாலு பேருக்கும் தலையிடி.
வருத்தம் என்றேன், வெயில் என்றேன்,
வயலில் வைக்கோல் கொளுத்துகிறார்கள் என்றேன்.
எனக்கும் இடித்தது.
பனடோல் இரண்டை விழுங்கிவிட்டு ஓடினேன்.

எனக்கு மணக்கவில்லை, அதுதான் வெட்கம்.
சுபாங்கி என் சட்டையைத் தனி வாளியில்
ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள்,
ஒன்றும் சொல்லாமல்.

மாங்குளத்தில் அருள்நேசன் கராஜ்.
எஞ்சினைத் திறக்க முதல் கேள்வியைத் திறந்தான்:
"நிக்கேக்கை மணக்குதோ, ஓடேக்கையோ?
முன் சீற்றிலயோ, பின்னுக்கோ?
யன்னல் திறந்தால் கூடுதோ, குறையுதோ?"
ஓட்டுகிறவன் நான். ஒரு பதிலும் இல்லை.
அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன்.
சீட்டுக் கணக்குப் போல வைத்திருந்தா:
"சந்தியில நிண்டால் முன் சீற்றில.
ஓடினால் பின் சீற்றில.
பின் யன்னல் திறந்தால் இன்னும் மோசம்.
மூண்டு கிழமையாச் சொல்லுறன்."
"அப்ப ரெண்டு வருத்தம்" என்றான் அருள்நேசன்.

மறுநாள் விடிய, எஞ்சின் ஆறிக் கிடக்க,
முன் சீற்றைத் தூக்கினான்.
சைலென்சர் வாயில் ஈரச் சாக்கை அடைத்து
என்னைப் பிடிக்கச் சொன்னான்.
ஷாம்பு போத்தலில் சவர்க்காரத் தண்ணி.
மனிபோல்ட் மூட்டில் அவன் தெளித்த இடத்தில்
பால் கக்கும் குழந்தையின் கடைவாய் போல நுரை.
சுற்றிவரக் கரி.
"இது முன் சீற்று."

பின் கதவில் இருபது ரூபாய்த் தாளை வைத்துச் சாத்தி
இழு என்றான்.
ஒருவரும் பிடிக்காத மாதிரி வந்தது.
றப்பர் செத்து எத்தனை வருசமோ.
நெடுங்கேணிப் பக்கம் வெள்ளத்தில் உடைந்த வால்குழாயை
அரை அடியோடு நான் விட்டுவைத்ததையும் கண்டான்.
"வண்டி முன்னுக்கு ஓட, பின்னுக்குக் காத்து சுழலும்.
புகையைக் கையில பிடிச்சு
உள்ளுக்குத் தந்திட்டுப் போகும்."

காபெற்றைக் கிளப்பினோம்.
தகரத்தில் ஐந்து ரூபாய்க் குத்தியளவு ஓட்டை.
நான் பேசவில்லை.
இந்த வண்டி எங்கெங்கே நின்றதென்று
கேட்காமல்தான் வாங்கினேன்.
அவன் நகத்தால் சுரண்டினான். செம்மண் நிறத்தில் தூள்.
"துரு அண்ணை. றப்பர் மூடி ஒண்டு விழுந்திருக்கு.
இஞ்ச ஓட்டையெண்டால்
எல்லாரும் ஒண்டையே நினைக்கிறியள்."

கஸ்கற், கதவு றப்பர், இரண்டடிக் குழாய், ஒட்டுவேலை.
ஒரு கிழமை ஓட்டக் காசு போயிற்று.
திரும்பவும் தாளை வைத்துச் சாத்தினான்.
இழுத்தேன், கிழிந்தது.
"அதையும் பில்லில சேர்" என்று சிரித்தான்.
பிறகு, மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டு:
"மணந்தபடியாத் தப்பினியள்.
மணமில்லாத ஒண்டும் அதோடை வரும்.
அது தன்ரை பேர் சொல்லாது.
நித்திரை வரும், அவ்வளவுதான்."

திரும்பும் வழியெல்லாம்
நாலு தலையும் சரிந்து கிடந்த பின்னேரங்கள்.
ஊசிக் களைப்பென்று
நான் ரேடியோவைக் குறைத்துவிட்ட பின்னேரங்கள்.

வியாழன். கனகராயன்குளம் தாண்டிற்று.
"ஒண்டும் மணக்கேல்லை" என்றா அக்கா.
"ஓம் அக்கா."
ஓமந்தை வரைக்கும் யோசித்தா.
பிறகு யன்னலை நாலு விரல் திறந்தா.
"ஒண்டும் மணக்காட்டிலும் பயமாக் கிடக்கு."

திரும்பி வரும்போது கண்ணாடியில் பார்த்தேன்.
நாலு பேரும் முழித்திருந்தார்கள்.
கொஞ்சம் படுங்கோ என்று சொல்ல
வாய் வரவில்லை.