ஐந்தின் தொப்பை

கடிதம் வந்த அன்று கரண்ட் இல்லை.
படலையடியில் நின்று வாசித்தேன்.
முன் வலப்பக்கச் சட்டத்தில்
அழியாதபடி, தெளிவாக,
ஆறு இலக்கங்கள் பொறிக்கப்பட வேண்டும்:
3 1 9 5 0 4.

நாலு வருசமாக அதன் பெயர் 'அது'தான்.
ஸ்ரான்லி வீதியில் நிறுத்து வாங்கிய பெட்டி இரும்பு,
கொடிகாமத்தில் கவிழ்ந்த வானின் எஞ்சின்,
மொறிஸ் மைனர் ஒன்றின் ஸ்ரியறிங்.
பின் சீற் மினிபஸ்ஸினுடையது,
அதன் முதுகில் இன்னும் காம்பசால் கீறிய
யாரோ இருவரின் முதலெழுத்துகள்.
கூரை வராத காலத்தில்
நாவாந்துறை ஒழுங்கை முழுக்க
அதன்மேல் கருவாடு காயப்போட்டது.

இலக்க அச்சு நௌசாத்திடம் இருந்தது,
ஐந்து சந்தியில், இரும்புக்கடையில், மரப்பெட்டிக்குள்.
ஒன்பது குழி.
ஆறுக்கும் ஒன்பதுக்கும் ஒரே அச்சு,
தலைகீழாகப் பிடித்தால் சரி.
ஒரு குழி வெறுமை.

"ஐஞ்சு இல்லை."
"ஐந்து சந்தியிலையே ஐஞ்சு இல்லையோ?"
பகிடி என்று நினைத்துத்தான் கேட்டேன்.
"தொண்ணூறிலை பெட்டியை விட்டிட்டுத்தான் போனம்.
திரும்பி வரேக்கை கிணத்தடியிலை கிடந்தது.
வாப்பா எண்ணிப் பாத்தார்."
அதற்குமேல் சொல்லவில்லை,
தேத்தண்ணிக்குச் சொன்னார்.

"எஸ் எழுத்தை அடியுங்கோ அன்ரி,
ஆர் பாக்கப்போகினம்?" என்றான் றொகான்.
பார்ப்பதற்கென்றே ஒருவர் வருவார்,
அதற்குத்தானேயடா இலக்கம்.
இரண்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன்.
இரண்டேதான்.
பிடிவாதக்காரி.

உடைந்த அரம் ஒன்றைச் சிவக்கக் காய்ச்சி
சாம்பலில் புதைத்து விடியும்வரை ஆறவிட்டேன்.
பிறகு சுரண்டல். கொடி, கழுத்து, தொப்பை.
திரும்பக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து
தகரத் துண்டொன்றில் அடித்தேன்.
விழுந்தது
எனக்கு முதுகு காட்டிய ஓர் ஐந்து.

ஐம்பது வருசம் கண்ணாடியில் தலை வாரியவளுக்கு
இது தெரிந்திருக்க வேணும்:
சரியாக விழ, பிழையாக வெட்டவேணும்.

ஸ்கூட்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி
மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு
இரண்டாவதை வெட்டினேன். மூன்று இரவு.
தொப்பை கொஞ்சம் பெருத்துவிட்டது.

சனிக்கிழமை. பெயின்ரைச் சுரண்டிய இடம்
பல் தேய்த்த வாய்போல் இருந்தது.
றொகான் போன் வெளிச்சம் பிடித்தான்.
ஓர் அச்சுக்கு ஓர் அடி,
இரண்டாவது அடி நிழல் போட்டுவிடும்.
மூன்று.
ஒன்று.
ஒன்பதைக் கையில் வைத்துக்கொண்டு
மேலா கீழா என்று மூன்று தரம் கேட்டேன்,
மூன்று தரமும் சொன்னான்.
ஐந்து. சத்தம் வேறு மாதிரி, தடித்த சத்தம்.
சைபர். நான்கு.
ஒரு தூள்கூடக் கீழே விழவில்லை.
இரும்பை நான் வெட்டவில்லை,
கொஞ்சம் ஒதுங்கச் சொன்னேன், அவ்வளவுதான்.
கிறீஸ் பூசிவிட்டுக்
கைகழுவாமல் பாண் சாப்பிட்டேன்.

பரிசோதகர் தயாளசீலன் மட்டையை விரித்துப் படுத்தார்.
இலக்கத்தின்மேல் தாளை வைத்துப்
பென்சிலைச் சரித்துத் தேய்த்தார்.
கறுப்புக்குள்ளிருந்து வெள்ளையாய்
ஒவ்வொன்றாக எழும்பி வந்தன.
ஐந்தில் நின்றார்.
"இது வேறை ஆள் அடிச்சதோ?"
"ஆள் ஒண்டுதான். அச்சுத்தான் வேறை."
"எந்தக் கொம்பனி அச்சு?"
பதில் வரவில்லை எனக்கு.
உள்ளங்கையைப் பார்த்தேன், அவரும் பார்த்தார்.
சிரிக்கவில்லை. எழும்பித் தூசு தட்டிவிட்டு
'உற்பத்தியாளர்' என்ற கட்டத்துக்கு
என் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டார்.
அ-னி-ஸ்-ரா.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது
ஒன்பது அச்சுகள்.
நௌசாத் ஐந்தை எடுத்து
வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
குழிக்குள் வைத்து அமத்தினார்.
அரத்தின் தடிப்பு, உள்ளே போகவில்லை.
குழியைப் பெருப்பிக்கக் கத்தி எடுத்தவர்
என்ன நினைத்தாரோ, வைத்துவிட்டார்.

பெட்டி இப்போது மூடாது.
றப்பர் பட்டி போட்டு வைத்திருக்கிறார்.