அரைப்பேர்

வாட்டுத் தளத்தில் இரவு வேலை.
பதினாறு காற்றாடிகளும் ஒரே மூச்சில் இரைய
பக்கத்தில் நிற்கிற செபமாலை
வாயைத் திறப்பது மட்டும் தெரியும்.
ஆகவே எனக்கு
உலகத்துப் படங்களெல்லாம் ஊமைப் படங்கள்.

கொட்டகலை வளைவில் பஸ்ஸிலிருந்து விழுந்து
கீறல் வாங்கிய போன்.
அந்தக் கீறலுக்குக் கீழே
ஜப்பான்காரன் ரப்பர்ப் பல்லியை
அட்டைப் பட்டணத்தின் மேல் நடத்துவான்.
பல்லியின் முதுகில் தையல் தெரியும்.
இத்தாலிக்காரன் அமெரிக்காவைச் சுடுவான்:
புழுதி, கண், புழுதி, மறுபடி கண்.
ஒரு சாவுக்கு அவ்வளவு நேரம்
எங்கள் தோட்டத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை.
மெக்சிகோவில் ஒருவன்
முகமூடி கழற்றாமலே சாப்பிடுவான்.
ருஷ்யாவின் விண்கப்பலில் இருப்பது
எங்கள் ரோலர் அறையின் அதே பித்தளைக் கைப்பிடி.

பார்த்ததையேதான் பார்க்கிறேன்.
புதுசென்றால் கதையின் பின்னால் ஓட வேண்டும்.
பழசென்றால், கொழுந்தைப் புரட்டிவிட்டு வந்தாலும்
அவன் இன்னும் அந்தக் கயிற்றுப் பாலத்தில்தான் நிற்பான்.

கயிற்றுப் பாலத்துப் படம், எந்த நாட்டுடையதோ.
வெள்ளைத் தொப்பி, வைரக்கண் சிலை,
தீப்பந்தத்தோடு காட்டுமிராண்டிகள் நூறு பேர்.
இருபது தடவையாவது ஓட்டியிருப்பேன்.
கதாநாயகி மயங்கி விழுந்தால்
எனக்கு மணி பன்னிரண்டு.

போன வியாழன்
நோர்வூட் பக்கம் மரம் முறிந்து கரண்ட் போனது.
காற்றாடிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன.
பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக
கூரையில் மழை பெய்வது கேட்டது.
கையிலிருந்த படம் பேசியது.

பறை. கொம்பு. காட்டுமிராண்டிகளின் கோஷம்.
கீழே மஞ்சள் எழுத்து சொல்கிறது:
தீக்கடவுளுக்குப் பலி கேட்கிறார்கள்.

செபமாலைதான் முதலில் தலை திருப்பினான்.
"இந்த நேரத்துல யாருடா பெரட்டுக் களத்துல?"

பின்னால் இழுத்து மறுபடி ஓட்டினேன்.
நூறு தொண்டை, ஒரே குரல்:

"அரப்பேரு போடாத
முழுப்பேரு போடு!
அரப்பேரு போடாத
முழுப்பேரு போடு!"

தொப்பிக்காரன் நடுங்குகிறான்.
என்ன பாஷை இது, என்கிறாள் கதாநாயகி.
பேராசிரியர் தாடியை நீவுகிறார்:
இன்று பூமியில் யாரும் பேசாத பாஷை.

சிரித்தோம். செபமாலை
தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு
இருமி இருமிச் சிரித்தான்.
அப்புறம் அவன் சிரிக்கவில்லை.

நிறுத்தி, விரலால் அகட்டிப் பார்த்தோம்.
கரி பூசிய முகங்கள். கோழி இறகு.
இடுப்பில் கட்டியிருப்பது இலையில்லை, படங்கு.
ஒன்றில் தோட்டத்து முத்திரை தலைகீழாக.
பின்னால் தெரிகிற அடர்ந்த கானகம்
கவ்வாத்து வெட்டி மூன்று மாதமான தேயிலை.

மூன்றாம் வரிசையில் ஒருத்தி மட்டும்
ஈட்டியைத் தூக்கவில்லை.
காதோரம் சரிந்த இறகைச் செருகுகிறாள்.
கோஷம் ஓய்கிற நேரம்
கேமராவை நேரே பார்த்து என்னமோ கேட்கிறாள்.
சத்தம் வரவில்லை, உதடு மட்டும்.
உதடு பார்த்தே பதினோரு வருஷம் பிழைத்தவன் நான்.

"இன்னொருக்காவா?"

இருபது தடவை, என்னிடம்.

கடைசியில் பெயர்கள் ஏறின.
முடி வாரியவர், சட்டை தைத்தவர்,
குதிரைக்குப் புல் போட்டவர்.
கதாநாயகியின் நாய்க்கும் ஒரு பெயர் இருந்தது.
செபமாலை கண்ணாடியில் மூக்கு முட்ட
எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டே வந்தான்.
கறுப்புத் திரை வந்த பிறகும்
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

கரண்ட் வந்தது. இரைச்சல் வந்தது.
அவன் வாய் திறந்து ஏதோ சொன்னான்.
நான் பார்க்கவில்லை.
மறுபடி ஓட்ட விரல் போனது, பாதியில் நின்றது.
போனைப் பையில் போட்டுக்கொண்டு
நாலாம் தட்டுக்கு நடந்தேன்.

ஆறு மணிக்கு டீமேக்கர் வந்தார்.
ஒன்றரை மணி நேரம் காற்றில்லாமல்
சிவந்துபோன கொழுந்தை அள்ளி முகர்ந்தார்.
செக்ரோலைத் திறந்து
எங்கள் இரண்டு பேருக்கும்
அரைப்பேர் போட்டார்.